ஃபுட் பாய்சனுக்கு காரணம் என்னன்னு இன்னும் தெரியலைங்குறாங்க, நெஜமாவே தெரியலையா இல்ல மறைக்கிறாங்களா?

விடைதேடி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப வேற வழியில்லாம எழுதுறேன். எங்க அக்கா பையனுக்கு திடீர்னு வயித்து வலி, வாந்தி, அப்புறம் லூஸ் மோஷன், மறுநாள் அதுல ரத்தம் வேற, பதறி அடிச்சுக்கிட்டு ஹாஸ்பிடல் தூக்கிட்டு ஓடினோம், அங்க போனா அதே மாதிரி இன்னும் நிறைய பேர் வந்து படுத்திருக்காங்க. டாக்டர் ஏதோ சாப்பாட்டுல இருந்துதான் வந்திருக்கணும்னு சொல்றார், ஆனா எந்த சாப்பாடுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நியூஸ்ல தினமும் அதே வரிதான், "மூலம் கண்டறியும் பணி நடைபெற்று வருகிறது". எத்தனை நாளைக்குங்க நடைபெறும்?

இதுக்கு நடுவுல வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் தண்ணிங்கறார், ஒருத்தர் கோழிங்கறார், இன்னொருத்தர் ஒரு சமையல் கூடத்தோட போட்டோவையே போட்டு இவங்கதான் காரணம், ஷேர் பண்ணுங்கங்கறார். எங்க அக்கா பயந்து போய் வீட்ல இருந்த காய்கறி, பால், எல்லாத்தையும் தூக்கி குப்பையில கொட்டிட்டா. இப்ப எதை சாப்பிட குடுக்குறதுன்னே தெரியாம முழிக்கிறோம்.

என் கேள்வி சிம்பிள்தான். இவ்ளோ லேப் இருக்கு, இவ்ளோ மெஷின் இருக்கு, அத்தனை பேருக்கு ஒரே நேரத்துல வயிறு கெட்டுருக்கு, எதுனாலன்னு கண்டுபிடிக்க முடியாதா? இல்ல தெரிஞ்சும் சொல்லலையா?

எதிர்க்கட்சிக்காரன்:

சகோ இதுல என்ன சந்தேகம், தெரிஞ்சும் சொல்லலைங்குறதுதான் உண்மை. மாட்டினது சின்ன ஆளா இருந்தா முதல் நாளே பேரோட போட்டோவோட வந்திருக்கும், பெரிய கம்பெனியா இருக்கும்போதுதான் "விசாரணை நடக்குது"ன்னு இழுப்பாங்க. எல்லாரும் மறந்ததும் ஒரு ரிப்போர்ட் வரும், அதுல யாருமே தப்பு பண்ணலைன்னு இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க. பையன் எப்படி இருக்கான் இப்ப?

மைக்ரோ_மீனா:

விடைதேடி, முதல்ல பையன் பரவாயில்லையா? ரத்தம் போச்சுன்னு சொன்னதால கேக்குறேன், யூரின் ஒழுங்கா போறானான்னு மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க, ஏன்னு கீழ யாராவது சொல்லலைன்னா நானே சொல்றேன்.

நான் லேப்ல வேலை பாக்குறவ, இந்த மாதிரி சமயத்துல சாம்பிள் எல்லாம் எங்க டேபிளுக்குதான் வரும், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. "தெரியலை"ன்னு அவங்க சொல்றது பெரும்பாலும் நெஜமாவே தெரியாததுதான். கேக்குறதுக்கு எரிச்சலா இருக்கும், ஆனா அது எப்படி நடக்குதுன்னு பாத்தா புரியும்.

முதல் சிக்கல் நாள் கணக்கு. வாந்தி வந்தா எல்லாரும் கடைசியா என்ன சாப்பிட்டோமோ அதைத்தான் திட்டுவாங்க, ஆனா அது சரியா இருக்குறது சில கிருமிக்கு மட்டும்தான். ஸ்டாஃபிலோகாக்கஸ் விஷம்னா அரை மணி நேரத்துலேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ள தூக்கி போட்டுரும். சால்மோனெல்லான்னா 6 மணி நேரத்துலேர்ந்து 6 நாள் வரைக்கும் ஆகலாம். ரத்தம் போக வைக்கிற ஈ.கோலி வகை பெரும்பாலும் 3, 4 நாள், சில பேருக்கு 10 நாள். லிஸ்டீரியான்னு ஒண்ணு இருக்கு, அது சில பேருக்கு 70 நாள் கழிச்சு கூட வரும். ஹெபடைடிஸ் ஏ 15லேர்ந்து 50 நாள். இப்ப நீங்களே சொல்லுங்க, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க, அதுல மேல தூவினது என்ன, பக்கத்துல வச்சது என்ன?

நாங்க அனுப்புற கேள்வித்தாளை நிரப்புறவங்களை பாத்திருக்கேன். "சாலட் சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா "இல்லவே இல்லை"ன்னு அடிச்சு சொல்வாங்க, அப்புறம் "சாண்ட்விச் சாப்பிட்டீங்களா, அதுக்குள்ள என்ன இருந்துச்சு"ன்னு கேட்டா கொஞ்ச நேரம் மேல பாத்துட்டு "ஏதோ இலை மாதிரி இருந்துச்சு"ம்பாங்க. அந்த ஏதோ இலைதான் நமக்கு வேணும்.

ரெண்டாவது, லேப்ல ஆகுற நேரம். உடம்பு சரியில்லாம போய், ரெண்டு நாள் வீட்லயே பாத்துட்டு, அப்புறம் டாக்டர்கிட்ட போய், அவர் மலம் டெஸ்ட் எழுதி, கிருமியை வளத்து எடுத்து, அதோட மரபணுவை முழுசா படிச்சு, இந்த நோயாளிக்கு வந்ததும் அந்த நோயாளிக்கு வந்ததும் ஒரே கிருமிதானான்னு ஒப்பிட்டு பாக்கணும். அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையம் சிடிசி கணக்குப்படி ஒருத்தர் நோய்வாய்ப்பட்டதுலேர்ந்து அவரை ஒரு கூட்டத்தோட சேத்து உறுதி பண்றதுக்கே 3, 4 வாரம் ஆகுது. இன்னொரு கூத்து என்னன்னா இப்ப நிறைய ஹாஸ்பிடல்ல சீக்கிரமா ரிசல்ட் வரணும்னு வேகமான பிசிஆர் பேனல் டெஸ்ட் (கிருமியை வளக்காம அதோட மரபணு தடயத்தை மட்டும் தேடுறது) பண்றாங்க, நோயாளிக்கு அது ரொம்ப நல்லது, ஆனா அதுல கிருமி உயிரோட கைக்கு வராது, கிருமி இல்லாம எங்களால ஒப்பிட முடியாது. அதுவும் போக டாக்டர்கிட்டயே போகாதவங்கதான் அதிகம். சால்மோனெல்லாவுல லேப்ல உறுதியான 1 கேஸுக்கு பின்னாடி சுமார் 29 கேஸ் கணக்குலயே வராம போகுதுன்னு சிடிசி மதிப்பீடு.

மூணாவதா, சாப்பாடு மிச்சம் இருக்காது. நாங்க விசாரிக்க போறப்போ அந்த கீரையோ அந்த இறைச்சியோ சாப்பிட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி, குப்பையும் போயிருக்கும். உங்க அக்கா எல்லாத்தையும் கொட்டினது பயத்துல செஞ்சது, நான் குறை சொல்லலை, ஆனா இனிமே யாராவது இதை படிச்சா, சந்தேகப்படுற பொருளை ஒரு கவர்ல கட்டி, மேல தேதி எழுதி, "சாப்பிடாதே"ன்னு போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு ஓரமா வைங்க. பாக்கெட்டையும் கிழிச்சு போடாதீங்க, அதுல இருக்குற பேட்ச் நம்பர்தான் எங்களுக்கு தங்கம்.

எதிர்க்கட்சிக்காரன்:

மேடம் நீங்க சொல்றது எல்லாம் சரி, படிச்சவங்க. ஆனா சாதாரண ஆளுக்கு 3, 4 வாரம்னா அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் படுப்பாங்க? சந்தேகம் இருந்தாலே சொல்லிடலாமே, "இதை கொஞ்ச நாள் சாப்பிடாதீங்க"ன்னு, அப்புறம் இல்லைன்னு தெரிஞ்சா இல்லைன்னு சொல்லிட்டு போங்க. என்ன குறைஞ்சுடும்?

மைக்ரோ_மீனா:

என்ன குறைஞ்சுடும்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு ஒரு கதை இருக்கு, கதைன்னா நெஜமா நடந்தது.

2011 மே மாசம் ஜெர்மனியில, முக்கியமா வடக்கு பக்கம், ஈ.கோலி O104:H4ன்னு ஒரு கிருமி. கடைசியில கணக்கு பாத்தா அந்த நாட்டுல மட்டும் 3,842 பேர், அதுல 855 பேருக்கு சிறுநீரகம் அடி வாங்குற ஹெச்யூஎஸ், 53 பேர் இறந்துட்டாங்க. வழக்கமா இந்த மாதிரி கிருமி குழந்தைங்களைத்தான் அதிகம் அடிக்கும், இதுல பாதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் பெரியவங்க, அதுலயும் பெண்கள் அதிகம். முதல்ல பண்ண விசாரணையில தக்காளி, வெள்ளரி, சாலட் இலைன்னு வந்துச்சு. மே 26ஆம் தேதி ஸ்பெயின்லேர்ந்து வந்த வெள்ளரிக்காய்ல ஈ.கோலி இருக்குன்னு ஜெர்மனியோட ஹாம்பர்க் நகர அதிகாரிங்க வெளிப்படையா சொல்லிட்டாங்க. நீங்க கேட்ட மாதிரியேதான், சந்தேகம் வந்ததும் சொல்லிட்டாங்க.

அப்புறம் பாத்தா வெள்ளரியில இருந்தது வேற ரக ஈ.கோலி, நோயாளிகள்கிட்ட இருந்தது வேற. அதுக்குள்ள ஸ்பெயின் விவசாயிங்க காய்கறியை வாங்க ஆளில்லாம கொட்டி அழிச்சாங்க, ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்து காய்கறி மொத்தத்தையும் நிறுத்திடுச்சு, கடைசியில ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல நிவாரணம் குடுக்க வேண்டியதாச்சு. பணம் கூட போகட்டும். எல்லாரும் வெள்ளரியை மட்டும் பாத்து ஒதுக்கிட்டு இருந்த அந்த நாட்கள்ல நெஜமான பொருள் ஜம்முன்னு தட்டுல வந்து உக்காந்திருந்துச்சு. நான் பயப்படுறது இதுக்குத்தான்.

அது என்ன பொருள்னா முளைகட்டின பயிறு. அதை கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஆரம்பத்துல முளைகட்டினது சாப்பிட்டீங்களான்னு கேட்டப்போ நோயாளிகள்ல சுமார் கால்வாசி பேருக்குத்தான் சாப்பிட்டதா ஞாபகம் இருந்துச்சு, ஏன்னா அது தனியா சாப்பிடுற பொருள் இல்ல, சாலட் மேல அழகுக்கு நாலு தூவியிருப்பாங்க. அதனால வேற வழி யோசிச்சாங்க. ஒரே ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்ட 10 குழு, மொத்தம் 152 பேரை எடுத்துக்கிட்டு அவங்க ஞாபகத்தை நம்பாம என்ன ஆர்டர் பண்ணாங்கங்குறதை பில்லுல பாத்து, அன்னிக்கு எடுத்த போட்டோவை பாத்து, சமையல்காரர்கிட்ட போய் அந்த ஐட்டத்துல எதெது போட்டீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதினாங்க. முளைகட்டினது தட்டுல வந்தவங்களுக்கு நோய் வர வாய்ப்பு வராதவங்களை விட சுமார் 14 மடங்கு. நோய் வந்த அத்தனை பேர் தட்டுலயும் அது இருந்துச்சு.

இன்னொரு பக்கம் வேற ஒரு டீம் சரக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு பில்லு பில்லா பின்னாடி போச்சு. 41 இடத்துல வந்த கூட்டம் கூட்டமான நோய், எல்லாம் ஒரே பண்ணையிலேர்ந்து போன முளைகட்டின சரக்கு. ஜூன் 10ஆம் தேதிதான் அதிகாரபூர்வமா சொன்னாங்க. அந்த மாசமே பிரான்ஸ்ல போர்டோ பக்கத்துல அதே கிருமி, அங்கயும் முளைகட்டின பயிறு, ரெண்டுக்கும் பொதுவா இருந்தது முளைகட்டுறதுக்காக எகிப்துலேர்ந்து 2009ல வந்த ஒரே வெந்தய சரக்கு. இதுல கடைசி வேடிக்கை, அந்த வெந்தயத்தை எத்தனை தடவை டெஸ்ட் பண்ணியும் கிருமி கிடைக்கவே இல்ல. கிருமி கைல மாட்டினாதான் நிரூபணம்னு உக்காந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் அது "காரணம் தெரியாத" நோயாத்தான் இருந்திருக்கும்.

சமையல்_செல்வம்:

மீனா மேடம் எழுதினதை படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு, உண்மையா சொல்றேன். நானும் சாப்பாடு தொழில்ல இருக்குறவன்தான். ஒரு தடவை இதே மாதிரி பரவினப்போ எங்க கிச்சன் போட்டோவை எவனோ ஃபார்வர்ட் பண்ணி விட்டுட்டான், எங்ககிட்ட சாப்பிட்டவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல, அதிகாரிங்க வந்து சாம்பிள் எடுத்துட்டு போனாங்க, தண்ணி, கத்தி, கட்டை, வேலை பாக்குற பசங்க கை எல்லாத்துலயும் துடைச்சு எடுத்தாங்க, ஒண்ணுமே இல்லைன்னு வந்துச்சு. அந்த ரிப்போர்ட்டை குரூப்ல போட்டா ஒருத்தனும் ஷேர் பண்ணலை. பழி சொன்னப்போ ஆயிரம் ஷேர், இல்லைன்னு சொன்னப்போ நாலு கட்டைவிரல். புக்கிங் எல்லாம் கேன்சல், பசங்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாச்சு.

ஆனா ஒண்ணு, நான் தொழில்காரன்னு ஒரு பக்கமா பேசலை. தப்பு பண்றவனும் இருக்கான். ஆக்கி வச்சதை மணிக்கணக்கா வெளியில வச்சுட்டு, கடைசியில கொதிக்க வச்சா போதும்னு நினைக்கிறவன் நிறைய பேர் இருக்கான்.

மைக்ரோ_மீனா:

செல்வம் சார், அந்த கடைசி வரியை பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும். ஸ்டாஃபிலோகாக்கஸ், அப்புறம் பேசிலஸ் சீரியஸ்ல வாந்தி எடுக்க வைக்கிற வகை, ரெண்டும் சாப்பாட்டுல வளரும்போதே விஷத்தை கக்கிரும், அந்த விஷம் கொதிக்க வச்சாலும் போகாது. கிருமி செத்தாலும் விஷம் அப்படியே இருக்கும்.

எதிர்க்கட்சிக்காரன்:

சரிங்க மேடம், வெள்ளரி விஷயம் ஒத்துக்குறேன், அது எனக்கு புதுசு. ஆனா தேடிப் பாத்தேன், வேற பக்கமும் இருக்கே. தென்னாப்பிரிக்காவுல லிஸ்டீரியா, 2017 நடுவுலேர்ந்தே கேஸ் ஏறிக்கிட்டு இருந்துச்சு, நோய் பரவுதுன்னு அறிவிச்சதே அந்த வருஷம் டிசம்பர் 5, எதுனாலன்னு சொன்னது 2018 மார்ச் 4. ஆயிரத்துக்கு மேல கேஸ், 200 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பச்சைக் குழந்தைங்க. இதுக்கு என்ன சொல்றீங்க? இங்க அவசரப்பட்டு கெட்டுச்சா, தாமதமா கெட்டுச்சா?

மைக்ரோ_மீனா:

நல்ல உதாரணம் எடுத்திருக்கீங்க, நான் மறுக்கலை. அங்க தாமதம்தான் உயிரை வாங்குச்சு. லிஸ்டீரியா ரொம்ப பொல்லாதது, ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், மாசமா இருக்குற பொண்ணுங்களுக்கு லேசா காய்ச்சல் மாதிரி வந்துட்டு போய் வயித்துல இருக்குற குழந்தையை அடிச்சுடும். அதோட நோய் வர வாரக்கணக்குல ஆகுறதால ஞாபகத்தை வச்சு கண்டுபிடிக்கிறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அங்க முடிச்சு அவிழ்ந்தது எப்படி தெரியுமா? 2018 ஜனவரியில ஒரு குழந்தைகள் காப்பகத்துல சின்னப் பசங்களுக்கு ஒண்ணா வயிறு கெட்டு ஹாஸ்பிடல் வந்தாங்க, அதுல ஒரு குழந்தை சாம்பிள்ல லிஸ்டீரியா கிடைச்சுது, உடனே ஆள் போய் அந்த காப்பகத்து ஃப்ரிட்ஜை திறந்து பாத்தா உள்ள போலோனின்னு சமைக்காம அப்படியே சாப்பிடுற ரெடிமேட் இறைச்சி இருந்துச்சு, அதுல லிஸ்டீரியா இருந்துச்சு, அந்த நூலை பிடிச்சுக்கிட்டு தொழிற்சாலை வரைக்கும் போனாங்க. அந்த ஃப்ரிட்ஜை யாராவது முந்தின நாள் சுத்தம் பண்ணியிருந்தா?

அதனால என் கருத்து இதுதான். பேரை சொல்றதுல நிதானம் வேணும், ஆனா வாயே திறக்காம இருக்குறது தப்பு. "எத்தனை கேஸ், எந்த கிருமி, எந்தெந்த தேதியில ஆரம்பிச்சுது, எதை எல்லாம் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், எது எல்லாம் காரணம் இல்லைன்னு இதுவரைக்கும் தெரிஞ்சாச்சு, நீங்க வீட்ல என்ன பண்ணணும்" இதை தினமும் சொல்லலாம், இதுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. "விசாரணை நடைபெற்று வருகிறது"ன்னு ஒத்தை வரியில முடிச்சா மீதி இடத்தை வாட்ஸ்அப் நிரப்பத்தான் செய்யும். இந்த விஷயத்துல நான் உங்க கட்சிதான் எதிர்க்கட்சி சார்.

அமெரிக்காவுலயும் 2008ல இதே மாதிரி ஒண்ணு, சால்மோனெல்லா செயிண்ட்பால்னு பேரு, முதல்ல தக்காளின்னு எச்சரிக்கை விட்டாங்க, அப்புறம் ஜூலைல பாத்தா மிளகாய்லதான் அந்த கிருமி மாட்டுச்சு. 1,442 பேர் வரைக்கும் போச்சு. மிளகாய், தக்காளி, கொத்தமல்லி எல்லாம் சால்ஸாங்குற ஒரே பச்சை சட்னியில கலந்து சாப்பிட்டிருக்காங்க, நோயாளியை கேட்டா எல்லாத்தையும்தான் சாப்பிட்டேம்பார். இதுக்குத்தான் நோய் வராத ஆளையும் கூப்பிட்டு கேக்குறது. நோய் வந்தவங்க நூத்துல எண்பது பேர் தக்காளி சாப்பிட்டிருந்தா பெருசா தெரியும், ஆனா நோய் வராதவங்களும் நூத்துல எண்பது பேர் சாப்பிட்டிருந்தா தக்காளிக்கு இதுல சம்பந்தம் இருக்குன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு ஒண்ணும் வரலைனாலும் போன் வந்தா தயவு செஞ்சு எடுத்து பதில் சொல்லுங்க, நிறைய பேர் "எனக்கு ஒண்ணும் இல்லியே"ன்னு வச்சுடறாங்க.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

டியூட்டி முடிஞ்சு இப்பதான் பாத்தேன். மீனா மேடம் சயின்ஸ் எல்லாம் சொல்லிட்டாங்க, நான் வீட்ல என்ன பண்றதுன்னு மட்டும் சொல்றேன், ஏன்னா காரணம் தெரியுற வரைக்கும் யாரும் சும்மா உக்காந்திருக்க முடியாது.

ஓஆர்எஸ் தான் முதல் மருந்து, கடை பாக்கெட் இல்லைன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணி, மட்டமா 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, உப்பு மட்டும் கூட போயிடவே கூடாது. வாந்தி எடுக்குற குழந்தைக்கு டம்ளரோட குடுக்காதீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு பொறுமையா குடுங்க, நிக்கும். ரத்தமோ காய்ச்சலோ இருந்தா மோஷனை நிறுத்துற மாத்திரையை நீங்களா வாங்கி போடாதீங்க. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக்கும் போடாதீங்க, அந்த ரத்தம் போக வைக்கிற ஈ.கோலியா இருந்தா சில ஆன்டிபயாடிக் சிறுநீரகப் பிரச்சனையை அதிகமாக்கலாம்னு டாக்டருங்களே யோசிச்சுத்தான் குடுப்பாங்க, வேற கிருமியா இருந்தா குடுத்தே ஆகணும், அது அவங்க முடிவு.

மீனா மேடம் யூரின் பாக்க சொன்னது இதுக்குத்தான். லூஸ் மோஷன் குறைஞ்சு அப்பாடான்னு இருக்கும்போது, ஆரம்பிச்சு ஒரு வாரம் கிட்ட, குழந்தை வெளுத்து போய், சோர்ந்து, யூரின் குறைஞ்சா அது ஹெச்யூஎஸ்ஸா இருக்கலாம், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் யோசிக்காம தூக்கிட்டு வாங்க. நாங்க வார்டுல பாத்து பயப்படுறது அழுவுற குழந்தையை இல்ல, அழுகாம சுருண்டு கிடக்குற குழந்தையைத்தான்.

அப்புறம் கை. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க, சானிடைசர் நோரோவைரஸுக்கு (வாந்தி பேதி வர வைக்கிற ஒரு வைரஸ்) சரியா வேலை செய்யாது. வயிறு சரியில்லாதவங்க, நின்னு ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் மத்தவங்களுக்கு சமைக்க வேண்டாம். எல்லாத்தையும் தூக்கி கொட்ட வேண்டியதில்லை விடைதேடி, நல்லா வேக வச்சு சூடா சாப்பிட்டா பெரும்பாலான கிருமிக்கு பயமில்லை, பச்சையா சாப்பிடுறதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. பச்சை இறைச்சி வெட்டின கட்டையில காய் வெட்டாதீங்க. அவ்ளோதான், தூங்க போறேன்.

விடைதேடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பையன் இப்ப வீட்டுக்கு வந்துட்டான், யூரின் நல்லா போறான், கார்ட்டூன் போடுன்னு சண்டை போடுறான். அந்த போட்டோ ஃபார்வர்டை எங்க ஃபேமிலி குரூப்லேர்ந்து டெலிட் பண்ண சொல்லிட்டேன், செல்வம் அண்ணா எழுதினதை அப்படியே காட்டினேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம் மேடம். பையனுக்கு ஹாஸ்பிடல்ல சாம்பிள் எடுக்குறதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம்தான் எடுத்தாங்க. அது வேஸ்ட்டா? இன்னொண்ணு, மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்) நேத்து ராத்திரிலேர்ந்து வயிறு சரியில்ல, அவரு ஒரு மருந்தும் போடலை, சாதாரண வயித்துப்போக்குதான் ரெண்டு நாள்ல சரியாயிடும்னு ஆபீஸ் கிளம்பிட்டு இருக்கார்.

மைக்ரோ_மீனா:

அவரை நிறுத்துங்க முதல்ல! ஆபீஸுக்கு வேண்டாம், சாம்பிள் குடுக்கட்டும்.

பையனோடது வேஸ்ட் இல்ல, கிருமி வளராம போகலாம், ஆனா பிசிஆர்ல செத்த கிருமியோட தடயம் கூட தெரியும், எடுத்தது நல்லதுதான். மாமாவோடதுதான் இப்ப முக்கியம், மருந்து படாதது, வளர்த்து எடுக்க வாய்ப்பு அதிகம். ஹாஸ்பிடல்ல "கல்ச்சர் பண்ணுங்க, பேனல் டெஸ்ட் மட்டும் போதாது"ன்னு கேட்டு சொல்லுங்க, விசாரணை பண்ற அதிகாரிங்க நம்பர் இருந்தா அவங்ககிட்டயும் சொல்லுங்க.

ஃபார்ம்ல ஒண்ணு மறக்காம எழுத சொல்லுங்க, பையனுக்கு என்னிக்கு ஆரம்பிச்சுது, மாமாவுக்கு என்னிக்கு ஆரம்பிச்சுது, பையனோட துணியை மாத்தினது, கழுவி விட்டது யாருன்னு. அவருக்கு சாப்பாட்டுல இருந்து வராம, பையன்கிட்ட இருந்து ஒட்டியிருக்கலாம். அது தெரியாம அவர் சாப்பிட்டதை எல்லாம் லிஸ்ட்ல சேத்தா விசாரணை வேற எங்கயோ போயிடும். அவர் பர்ஸ்ல, போன்ல போன ரெண்டு வாரத்து பில்லு, பேமெண்ட் மெசேஜ் எதுவும் அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க, அக்காவோடதும்.

எதிர்க்கட்சிக்காரன்:

மாமாவை கிளம்ப விட்டுட்டீங்களா இல்லையா, அப்டேட் போடுங்க.

விடைதேடி:

சாவியை அக்கா புடுங்கி வச்சுட்டா. ஹாஸ்பிடல் போய்ட்டு இருக்கோம்.